இன்சுலின் தந்த பான்டிங்

நவம்பர் 14 என்றதும் குழந்தைகள் தினமும் நேரு மாமாவும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அதே நாளில், 1891ஆம் ஆண்டில், கனடா நாட்டின் ஆலிஸ்டன் என்னும் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பிரெடரிக் பான்டிங். அவரது வாழ்வை நாம் சற்றே அறிந்து கொள்வோம்.

கல்லூரியின் முதலாண்டிலேயே பான்டிங் தோல்வியுற்றார். ஆயினும் மனம் தளராது 1912இல் மருத்துவம் பயிலத் தொடங்கினார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தபோது, 1918இல் கையில் காயமுற்றும் மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்து வீரப்பதக்கம் பெற்றார்.

அக்காலத்தில் நீரிழிவு கண்ட குழந்தைகளைக் காக்க மருந்தே இல்லை. உணவை மிகவும் குறைத்து, அவர்களது உயிரைச் சில காலம் நீட்டிக்க மட்டுமே மருத்துவர்களால் முடிந்தது. 1920 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, கணையத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்த பான்டிங்கிற்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவு கடந்து உதித்த ஓர் எண்ணத்தை எழுந்து குறித்து வைத்தார். டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்ளியட் ஆய்வுக்கூடத்தில் இடமளித்தார். 1921இல் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட் என்ற இளைஞரும் நாய்களைக் கொண்டு சோதனைகள் நடத்தி, கணையத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்ற அறிஞர் அதைத் தூய்மைப்படுத்தினார்.

1922 ஜனவரியில் டொரான்டோ பொது மருத்துவமனையில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் சாகும் நிலையில் கிடந்தான். ஏறக்குறைய நம் வயதினன். எடையோ 30 கிலோகூட இல்லை. 11ஆம் தேதி போட்ட முதல் ஊசி பயன் தரவில்லை. 23ஆம் தேதி தூய மருந்து செலுத்தப்பட்டதும், 520 மில்லிகிராமாக இருந்த இரத்தச் சர்க்கரை 120ஆகக் குறைந்தது. சிறுவன் பிழைத்தான்!

பான்டிங் செல்வம் தேடவில்லை. மருந்தின் உரிமையை மூவரும் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்தனர். 1923இல் மக்ளியட்டுடன் கிடைத்த நோபல் பரிசின் தம் பங்கை பெஸ்டுடன் பகிர்ந்து கொண்டார். 1941இல் விமான விபத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் பிறந்த நாளே இன்று உலக நீரிழிவு தினம்.

மருந்து இருந்தும், நோய் இருப்பதே தெரியாவிட்டால் பயன் என்ன? பெரியவர்களுக்கு வரும் நீரிழிவு பல ஆண்டுகள் ஓசையின்றி மறைந்திருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைக் கண்டறிவது கடினமன்று. 2005இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட எளிய முறையில் ஊசியே இல்லை. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கு விவரங்களே போதும். ஐயமிருந்தால் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். பின்னர் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பர். 140க்குக் கீழ் எனில் நலம், 200ஐத் தொட்டால் நீரிழிவு, இடைப்பட்டது எச்சரிக்கை. அந்நிலையில் உணவுக் கட்டுப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் நோயைப் பலருக்குத் தடுக்க முடியும்.

வீட்டில் எல்லாருக்கும் மருந்து நினைவூட்டும் நம் அன்னையர், தங்கள் பரிசோதனையை மட்டும் நாளைக்கு நாளை தள்ளிப் போடுகின்றனர். இந்த நவம்பர் 14இல் நாமே அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோமாக! பான்டிங்கிற்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.