பின்தங்கிய வகுப்புக்கு வந்த ஆசிரியர்

நமது பாடசாலையில் படித்த எவரைக் கேட்டாலும், கணிதத்துக்குப் பயந்த ஒரு தோழியாவது அவர் நினைவில் இருப்பார். சாதாரண தரத்தில் அந்த ஒரு பாடம் கைவிட்டதால், உயர்தர வகுப்புக்கு நம்மோடு வராமற் போனவர்களும் உண்டு. அவர்களை எண்ணும்போதெல்லாம் ஹைமே எஸ்கலாந்தேயும் நம் நினைவுக்கு வருகிறார்.

1930 டிசெம்பர் 31ஆம் திகதி பொலிவியாவின் லா பாஸ் நகரில், ஆசிரியப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். அங்கே பௌதிகமும் கணிதமும் கற்பித்துப் பேரெடுத்தவர். 1960களில் அமெரிக்கா சென்றபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பொலிவியச் சான்றிதழை அங்கே எவரும் மதிக்கவில்லை. உணவகத்தில் நிலம் துடைத்தார். வேலை செய்துகொண்டே மறுபடியும் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் பெற்றார். புலம்பெயர்ந்த நம் அக்காமாருக்கு இந்தப் பகுதியை நாம் விளக்கத் தேவையில்லை.

1974இல் கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸின் கார்பீல்ட் உயர்நிலைப் பாடசாலைக்கு, கணினி கற்பிக்கலாம் என்று எண்ணி வந்தார். அவரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அடிப்படைக் கணிதத்திலேயே தடுமாறும் வகுப்பு. பிள்ளைகளில் பெரும்பாலானோர் மெக்சிக்கோ வழிவந்த ஏழைக் குடும்பத்தவர். கையில் தரப்பட்ட பாடநூல், பொலிவியாவின் ஐந்தாம் வகுப்பு மட்டத்தில் இருந்தது. மனமுடைந்து, முன்பு வேலைசெய்த இடத்திலேயே மீண்டும் வேலை கேட்டார். அட்சரகணிதம் படிக்க விரும்பிய 12 பேர் கிடைத்த பின்னரே அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

சமையற்காரர் வேடத்தில் வந்து, பெரிய கத்தியால் அப்பிளை வெட்டிப் பின்னம் விளக்குவார். பிள்ளைகளிடம் அவர் எதிர்பார்த்தது கெட்டித்தனத்தையல்ல, ஸ்பானிய மொழியில் ‘கானாஸ்’ எனப்படும் வேட்கையை மட்டுமே. பாடசாலை தொடங்குமுன்பும் முடிந்தபின்பும் வகுப்பு நடக்கும். 1988இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் ஓரிரு வருடத்தில் நடந்ததாக எண்ணக்கூடும். உண்மையில், வந்து ஐந்து ஆண்டுகளின் பின், 1979இலேகூட நுண்கணிதப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 5 பேர்தான். துணைநின்ற அதிபரையும் சக ஆசிரியர்களையும் இங்கே மறக்கக்கூடாது.

1982இல் தோற்றிய 18 பேரும் சித்தியடைந்தார்கள். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. விடைகளில் ஒரேமாதிரியான பிழைகள் இருந்ததாகக் கூறி, 14 பேர்மீது பரீட்சைச் சபை சந்தேகம் கொண்டது. பணக்காரப் பகுதிப் பிள்ளைகள் என்றால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எஸ்கலாந்தே மனம் கொதித்தார். நமக்கும் அதே கேள்விதான். கெட்டிக்காரி நூறு எடுத்தால் கைதட்டுகிறோம். கடைசி வாங்கில் இருப்பவள் எடுத்தால், யாரைப் பார்த்து எழுதினாள் என்று கேட்கிறோம். நாமும் கேட்டிருக்கிறோம்.

கோடை விடுமுறையின் நடுவே, அதிக அவகாசமின்றி, 12 பேர் மீண்டும் எழுதினார்கள். பன்னிருவரும் சித்தி.

1987இல் கார்பீல்டில் 73 பேர் அப்பரீட்சையில் சித்தியடைந்தார்கள். அதற்கு மேல்மட்டப் பரீட்சையில் இன்னும் 12 பேர். ஆயினும் புகழோடு பொறாமையும் சச்சரவும் வந்தன. 1991இல் அவர் அப்பாடசாலையைவிட்டு விலகினார். சக்ரமெண்டோவில் சிலகாலம் கற்பித்துவிட்டுப் பின்னர் பொலிவியா திரும்பினார்.

புற்றுநோய் கண்டு 2010 மார்ச் 30ஆம் திகதி, 79ஆவது வயதில் காலமானார். சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கப் பழைய மாணவர்கள் பணம் திரட்டியிருந்தார்கள். இறுதி அஞ்சலிக்காக அவரது உடலை, அவர் கற்பித்த கார்பீல்ட் வகுப்பறைக்கே கொண்டுவந்து வைத்தார்கள்.