மரியன் ஆண்டர்சன்: ஊர் கூடிக் கட்டணம் செலுத்திய குரல்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தையொட்டி, ஓர் இசைப்பள்ளியில் சேர்வதற்காக இளம்பெண் ஒருவர் வரிசையில் நின்றார். அவருடைய முறை வந்தபோது, விண்ணப்பம் வழங்கிய பெண் அவரைத் தாண்டி, பின்னால் நின்றவரை அழைத்தார். பிறகு அதற்கும் பின்னால் நின்றவரை அழைத்தார். வரிசை முழுவதும் கலைந்த பின்னரே, கறுப்பினத்தவரை அப்பள்ளி சேர்ப்பதில்லை என்ற பதில் கிடைத்தது. ஒரு வரி பாடிக்காட்டும்படிகூட எவரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்தான் மரியன் ஆண்டர்சன். 1939இல் வாஷிங்டனின் லிங்கன் நினைவிடத்தில் 75,000 பேர் முன்னிலையில் பாடியவர் என்று வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அந்த மேடைக்கு அவரைக் கொண்டு சேர்த்த பாடல் வகுப்புகளைப் பற்றியும், அவற்றுக்கான கட்டணத்தைச் செலுத்தியவர்களைப் பற்றியும் நாம் குறைவாகவே பேசுகிறோம்.

சட்டம் வெளியே நின்ற காலம்

மரியன் 1897 பிப்ரவரி 27 அன்று பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில், பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் எனக் கூறி நிறப்பிரிவினைக்கு அரசியலமைப்பு ஒப்புதல் அளித்திருந்தது. அதற்கும் முன்பாக, 1883இல், விடுதிகளிலும் அரங்குகளிலும் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே நீதிமன்றம் செல்லாததாக்கியது. சமத்துவக் கடமை அரசுக்கு மட்டுமே உண்டு, தனியாரைக் கட்டுப்படுத்தாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆகவே அந்த இசைப்பள்ளியின் செயல் அன்றைய நீதிமன்றத்தின் பார்வையில் குற்றமாகவில்லை.

அவருடைய தந்தை ஜான் பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றவர். தாய் ஆனி வர்ஜீனியா மாநிலத்தில் ஆசிரியையாக இருந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் அவருக்கு அந்தப் பணி கிட்டவில்லை. மூன்று மகள்களில் மூத்தவரான மரியன், ஆறு வயதிலேயே யூனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் சிறுவர் பாடற்குழுவில் சேர்ந்தார். எட்டு வயதில் தந்தை ஒரு பியானோ வாங்கித் தந்தார். கற்றுத்தர ஆசிரியரை அமர்த்தும் வசதி இல்லாததால் தானே தட்டுத்தடுமாறிப் பழகினார். பன்னிரண்டு வயதில், வேலையிடத்தில் தலையில் ஏற்பட்ட காயத்தைத் தொடர்ந்து தந்தை இறந்தார். தாய் பிறர் வீட்டுத் துணி துவைத்தும் தரை துடைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். தொடக்கக் கல்விக்குப் பின் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பப் பணம் இல்லை. மரியன் உயர்நிலைப் படிப்பை முடித்தது 1921இல். அப்போது அவருக்கு வயது 24.

தனி வகுப்பு, பொதுப் பணம்

மேற்கத்திய செவ்விசையில் பாடுவோருக்குத் தனிப்பயிற்சி அடிப்படைத் தேவை. மூச்சை எங்கே தேக்குவது, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்குக் குரல் உடையாமல் எப்படி ஏறுவது, அறிந்திராத மொழியின் உயிரொலிகளை எப்படி வாயில் நிறுத்துவது ஆகியவற்றைப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது. பாடுபவரின் எதிரே ஆசிரியர் அமர்ந்து, அந்த ஒரு குரலை மட்டும் வாரந்தோறும் கேட்டுத் திருத்த வேண்டும். அதனாலேயே அது செலவு மிகுந்த கல்வி. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அதை வாங்கித் தந்தனர். மரியனுக்கு அதை வாங்கித் தந்தது தேவாலயச் சபை. அவருடைய கல்விக்கென்றே அங்கு நிதி திரட்டப்பட்டது. அதில் காசு போட்டவர்கள் பெரும்பாலும் உழைக்கும் எளிய மக்கள்.

முதல் ஆசிரியை மேரி சாண்டர்ஸ் பேட்டர்சன் ஒரு கறுப்பினப் பாடகி. அடுத்து ஆக்னஸ் ரைஃப்ஸ்னைடர், மரியனின் இயல்பான பலமாகிய தாழ்ந்த ஒலிகளை உறுதிப்படுத்தினார். பின்னர் புகழ்பெற்ற ஆசிரியர் ஜுசெப்பே போகெட்டியிடம் பாடிக்காட்டும் வாய்ப்பு அமைந்தது. புதிய மாணவருக்கு இடமில்லை என்ற மனநிலையில் இருந்தவர், மரியனின் குரலைக் கேட்டதும் உடனே ஏற்றுக்கொண்டார். தேவாலயம் மீண்டும் முன்வந்தது. அன்றைய முன்னணிக் கறுப்பினப் பாடகர் ரோலண்ட் ஹேய்ஸ் பாடிய நிகழ்ச்சி ஒன்றின் வழியாக ஏறத்தாழ 600 டாலர் திரட்டி, போகெட்டியின் வகுப்புகளுக்குச் செலுத்தியது. இசைப்பள்ளி கேட்க மறுத்த குரலை இவ்வாறு ஒரு சமூகம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது.

இருந்தும் விடுபட்ட ஆண்டுகளின் இழப்பு எளிதில் ஈடாகவில்லை. 1924இல் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் அவர் நடத்திய நிகழ்ச்சி தோல்வியுற்றது. ஜெர்மானியப் பாடல்களைப் பொருள் உணராமல் ஒப்பித்ததுபோல் பாடியதாக விமர்சனம் எழுந்தது. மனமுடைந்த அவர் பாடுவதையே விட்டுவிடலாமா என எண்ணினார். மொழிப் பயிற்சிக்கும் முறையான இசைக்கல்விக்கும் வழி அடைக்கப்பட்ட ஒருவரிடம், அந்தக் கல்வியின் விளைவு மட்டும் எதிர்பார்க்கப்பட்டது. தகுதி என்ற சொல்லை நம் முன் வீசுவோர் இன்றும் இதே கணக்கைத்தான் போடுகின்றனர்.

அவர் மீண்டும் வகுப்புக்கே திரும்பினார். 1925இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு தொடர்பான போட்டியில் வென்று, அக்குழுவுடன் பாடினார். லண்டனில், கறுப்பின நாடகக் கலைஞர் ஐரா ஆல்ட்ரிட்ஜின் மகளான அமண்டா ஆல்ட்ரிட்ஜிடம் பயின்றார். ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவித்தொகையுடன் பெர்லின் சென்று ஜெர்மன் மொழியைக் கற்றார். ஸ்காண்டிநேவிய நாடுகளில் அவருடைய நிகழ்ச்சிகளுக்கு மக்கள் திரண்டனர். 1935இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் அவர் பாடியதைக் கேட்ட இசைநடத்துநர் டொஸ்கானினி, நூறாண்டுக்கு ஒருமுறை மட்டுமே வாய்க்கும் குரல் எனப் போற்றினார்.

அரங்கம் மறுக்கப்பட்டபோது

புகழோடு தாயகம் திரும்பிய பின்னும் விடுதிகள் அவருக்கு அறை தர மறுத்தன. 1937இல் பிரின்ஸ்டனில் அவ்வாறு மறுக்கப்பட்டபோது, ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் தம் வீட்டில் தங்கவைத்தார். 1939இல் ஹோவர்ட் பல்கலைக்கழகம் வாஷிங்டனில் அவருடைய நிகழ்ச்சியை நடத்த கான்ஸ்டிடியூஷன் ஹால் அரங்கத்தைக் கேட்டது. அரசியலமைப்பின் பெயரையே தாங்கிய அந்த அரங்கம், அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற அமைப்புக்குச் சொந்தமானது. அவ்வமைப்பு மறுத்தது. குடியரசுத் தலைவரின் மனைவி எலனார் ரூஸ்வெல்ட் அவ்வமைப்பின் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினார்.

வழக்கமாக இந்த இடத்தில் ரூஸ்வெல்ட்டின் பெயரோடு கதை முடிந்துவிடும். மரியனுக்காக மக்கள் குழு அமைத்துப் போராட்டத்தை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். பள்ளிகளில் நிறப்பிரிவினையை வீழ்த்திய 1954ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்புக்கான சட்டப் பாதையை வகுத்தவர் அவரே. அரங்கம் கிடைக்காத நிலையில், ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று, லிங்கன் சிலையின் முன்னே திறந்த வெளியில் மரியன் பாடினார். வானொலி அதை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 15 வயது மார்ட்டின் லூதர் கிங் கறுப்பினத்தவரும் அரசியலமைப்பும் என்ற பொருளில் ஆற்றிய போட்டி உரையில் அந்த நிகழ்ச்சியைக் குறிப்பிட்டார்.

மரியன் முழக்கமிடும் போராளி அல்லர். நிறப்பிரிவினை நிலவிய தென்மாநில அரங்குகளில், கறுப்பினத்தவருக்கு அரங்கின் எல்லாப் பகுதிகளிலும் இருக்கைகள் வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். அது போதாது என்று அவருடைய மக்களே விமர்சித்தனர். 1950களில், பிரித்து அமர்த்தப்பட்ட பார்வையாளர் முன் பாடுவதையே அவர் நிறுத்தினார். தம் மக்களின் விமர்சனத்துக்குச் செவிகொடுத்து மாறியதும் அவருடைய பெருமையே.

1955 ஜனவரி 7 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் தனிப்பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். அப்போது அவருக்கு 57 வயது. குரல் தன் உச்சத்தைக் கடந்திருந்தது. கதவு திறந்ததைக் கொண்டாடும்போது, திறப்பதற்கு எடுத்துக்கொண்ட காலத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

திருப்பிச் செலுத்திய கடன்

1941இல் ஃபிலடெல்ஃபியா நகரம் அவருக்கு 10,000 டாலர் மதிப்புள்ள போக் விருதை வழங்கியது. அந்தத் தொகையைக் கொண்டு இளம் பாடகர்களுக்கான உதவித்தொகையை அவர் நிறுவினார். அதைப் பெற்றவர்களுள் ஒருவரான கமில்லா வில்லியம்ஸ், 1946இல் நியூயார்க் சிட்டி ஓபராவின் முதன்மைப் பாத்திரத்தில் பாடினார். சபையார் போட்ட காசு இவ்வாறு அடுத்த தலைமுறையின் வகுப்புக் கட்டணமாயிற்று.

அரங்குகளில் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் 1964 ஜூலையில் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மரியன் தம் விடைபெறும் பயணத்தை, முன்பு மறுக்கப்பட்ட அதே கான்ஸ்டிடியூஷன் ஹாலில் தொடங்கினார். தனியார் பள்ளிகள் நிறத்தைக் காட்டி மாணவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ரன்யன் வழக்கில் கூறியது 1976இல்தான். அத்தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்ததோ 1866ஆம் ஆண்டுச் சட்டம். வரிசையில் நின்ற பெண்ணுக்கு அப்போது வயது 79. 1993 ஏப்ரல் 8 அன்று, 96ஆம் வயதில் அவர் காலமானார்.

நம் அரசியலமைப்பு தீண்டாமையைத் தனிமனிதருக்கும் சேர்த்தே தடைசெய்கிறது. தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கும் உறுப்பு 15(5) வழி திறந்திருக்கிறது. ஆனால் ஓர் ஆசிரியர் தம் வீட்டில் யாரை எதிரே அமரவைத்துப் பாட்டுச் சொல்லித்தருகிறார் என்பதைச் சட்டம் எளிதில் எட்டுவதில்லை. வழக்காடுவதும் வேண்டும், நம் பிள்ளைகளின் வகுப்புக்கு நாமே உண்டியல் வைப்பதும் வேண்டும். யூனியன் பாப்டிஸ்ட் சபையார் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. ஹூஸ்டனும் உண்டியலோடு நிறைவடைந்துவிடவில்லை.