ரொட்டி கொடுத்து எழுத்து கற்ற சிறுவன்

அடிமையாகப் பிறந்து உலகப் புகழ் பெற்ற பிரெடரிக் டக்ளஸ்

அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 1820-களின் கடைசியில் அங்கே ஒரு தெருவில் விசித்திரமான வியாபாரம் நடந்தது.

ஒரு கறுப்புச் சிறுவன் ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொண்டு வருவான். தெருவில் விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் அவற்றைக் கொடுப்பான். பதிலுக்கு அவர்கள் அவனுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள்.

அந்தச் சிறுவன் ஓர் அடிமை. அவன் படிப்பது தெரிந்தால் எஜமானர் சும்மா விடமாட்டார். இருந்தும் அவன் படித்தான். பணக்காரன் காசு சேர்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தான்.

பிற்காலத்தில் அவருடைய ஆங்கிலப் பேச்சைக் கேட்கப் பெருங்கூட்டம் கூடியது. ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனே அவரை அழைத்து யோசனை கேட்டார். அவர்தான் பிரெடரிக் டக்ளஸ்.

பிறந்த நாள் தெரியாது

மேரிலாந்து மாகாணத்தில், டால்பட் என்ற பகுதியில் டக்ளஸ் பிறந்தார். எந்த நாளில் பிறந்தார் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. 1817-ஆக இருக்கலாம் என்று எண்ணியிருந்தார். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பழைய எஜமானரின் அடிமைக் கணக்கைப் பார்த்து, 1818 பிப்ரவரி மாதம் என்று கண்டுபிடித்தார்கள். அவர் பிறந்த மாதம் எழுதித்தான் இருந்தது. ஆனால் அது எஜமானரின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது!

தாயார் பெயர் ஹாரியட் பெய்லி. அவளும் ஓர் அடிமை. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, 12 மைல் தூரத்தில் வேறொரு பண்ணையில் வேலை செய்தாள். பகல் எல்லாம் வயலில் உழைப்பாள். இருட்டிய பிறகு நடந்தே வந்து, பிள்ளையை அணைத்துத் தூங்க வைப்பாள். விடிவதற்குள் திரும்பிப் போய்விடுவாள். பொழுது விடியும்போது வேலையில் இல்லாவிட்டால் சவுக்கடி விழும். அவனுக்கு ஏழு வயது இருக்கும்போது அவள் இறந்துபோனாள்.

ஆறு வயதில் சிறுவன் பெரிய பண்ணைக்கு அனுப்பப்பட்டான். அங்கே அடிமைப் பிள்ளைகளுக்குக் கூழைத் தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்கள். பன்றிக் குட்டிகளைப்போலப் பிள்ளைகள் சுற்றி நின்று, சிப்பி ஓட்டால் அள்ளிக் குடிப்பார்கள். முழங்கால் வரை தொங்கும் முரட்டுத் துணிச் சட்டை ஒன்றுதான் உடை. குளிர்காலத்தில் அவன் ஒரு சோளச் சாக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தூங்குவான்.

முதல் பாடம்

எட்டு வயதில் அவன் வாழ்க்கை மாறியது. பால்டிமோரில் இருந்த ஹியூ ஆல்ட் என்பவர் வீட்டுக்கு அவனை அனுப்பினார்கள். அந்த வீட்டுச் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

எஜமானி சோபியா நல்லவள். கல்யாணத்துக்கு முன் நெசவு செய்து தன் கையால் பிழைத்தவள். அதற்கு முன் அவள் அடிமை வைத்திருந்ததே இல்லை. அவள் பைபிளை உரக்கப் படிப்பாள். அதைக் கேட்ட சிறுவனுக்கு ஆசை வந்தது. தனக்கும் படிக்கச் சொல்லித் தரும்படி கேட்டான். அவளும் சந்தோஷமாக ஏ, பி, சி கற்றுக் கொடுத்தாள். பிறகு மூன்று எழுத்து, நான்கு எழுத்துச் சொற்கள் வந்தன.

சிறுவனின் கெட்டிக்காரத்தனத்தைக் கணவரிடம் அவள் பெருமையாகச் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே பாடத்தை நிறுத்தச் சொன்னார். அடிமைக்குப் படிப்பு வந்தால் அவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று மனைவிக்கு விளக்கினார்.

சிறுவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மனதில் மின்னல் வெட்டியது. எஜமானர் எதைக் கண்டு பயப்படுகிறாரோ அதுதான் தனக்கு வேண்டியது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. படிப்பின் அருமையை எஜமானி கற்றுக் கொடுத்ததைவிட, எஜமானரின் கோபம் நன்றாகக் கற்றுக் கொடுத்தது!

நாளடைவில் சோபியாவும் மாறிவிட்டாள். அவன் கையில் பத்திரிகையைப் பார்த்தால் ஓடிவந்து பிடுங்குவாள். தனியாகச் சிறிது நேரம் இருந்தாலும் புத்தகம் படிக்கிறானோ என்று சந்தேகப்படுவாள்.

தெருவே பள்ளிக்கூடம்

வீட்டுக் கதவு மூடியது. அவன் தெருவைப் பள்ளிக்கூடம் ஆக்கிக்கொண்டான்.

ஆல்ட் வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் இருந்த ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு வயிறார உணவு கிடையாது. அடிமைக்கு ரொட்டி இருந்தது. சுதந்திரப் பிள்ளைகளுக்கு எழுத்து இருந்தது. இரண்டும் கை மாறின.

கடைக்கு அனுப்பினால் அவன் ஓட்டமாக ஓடி வேலையை முடிப்பான். மிச்சம் பிடித்த நேரத்தில் ஒரு பாடம் கேட்டுக்கொண்டு திரும்புவான். சட்டைப் பையில் எப்போதும் வெப்ஸ்டரின் எழுத்துப் பாடப் புத்தகம் இருக்கும்.

பிற்காலத்தில் டக்ளஸ் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது இந்தப் பிள்ளைகளை நன்றியோடு நினைத்தார். ஆனால் பெயர்களை மட்டும் எழுதவில்லை. அடிமைக்கு எழுத்து கற்றுக் கொடுத்தார்கள் என்று ஊரார் அவர்களைத் தூற்றக்கூடாது அல்லவா?

பன்னிரண்டு வயது இருக்கும்போது, பூட்சுகளுக்கு மெருகு போட்டுச் சம்பாதித்த 50 சென்ட் காசில் ஒரு புத்தகம் வாங்கினான். அதன் பெயர் கொலம்பியன் ஆரேட்டர். பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொகுத்த சொற்பொழிவுப் புத்தகம். அதில் ஓர் எஜமானரும் அடிமையும் வாதம் செய்யும் பகுதி இருந்தது. அடிமையின் வாதத்தைக் கேட்டு, கடைசியில் எஜமானர் அவனை விடுதலை செய்துவிடுகிறார்.

அதைச் சிறுவன் திரும்பத் திரும்பப் படித்தான். அதுவரை அவன் நெஞ்சில் எத்தனையோ எண்ணங்கள் தோன்றின. வெளியே சொல்ல வார்த்தை இல்லாமல் அப்படியே மடிந்தன. இந்தப் புத்தகம் அவற்றுக்கு வார்த்தை கொடுத்தது.

அகராதியில் கிடைக்காத அர்த்தம்

அந்த நாட்களில் ஒரு சொல் அவன் காதில் அடிக்கடி விழுந்தது. அந்தச் சொல், அபாலிஷன்.

அடிமை ஓடிப்போனால் வெள்ளைக்காரர்கள் இந்தச் சொல்லைச் சொன்னார்கள். எங்காவது கொட்டகை தீப்பிடித்தாலும் இதையே சொன்னார்கள். சொல்லும்போதே அவர்கள் முகம் சிவந்தது. தன்னைப் போன்றவர்களுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று சிறுவன் ஊகித்தான்.

அகராதியைப் புரட்டினான். ஒழிக்கும் செயல் என்று போட்டிருந்தது. எதை ஒழிப்பது? அகராதி சொல்லவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் பயம். அடிமை அறியக்கூடாத சொல் அது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் பொறுத்திருந்தான். ஒருநாள் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தது. தலைநகர் வாஷிங்டன் அடங்கிய கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று வடக்கு மாகாண மக்கள் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியிருந்தார்கள். அந்தச் செய்தியில் அபாலிஷன் என்ற சொல் இருந்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒழிக்கவேண்டியது அடிமை முறை! அதை ஒழிக்க நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்! ஒரே ஒரு சொல். ஆனால் தனக்காகப் பாடுபடுகிறவர்கள் உண்டு என்ற செய்தியை அந்தச் சொல்தான் அவனுக்குக் கொண்டு வந்தது.

பலகையில் படித்த எழுத்து

படிக்க வந்துவிட்டது. எழுத வேண்டுமே? அதற்கும் வழி கண்டான்.

கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரங்களைச் செதுக்கி, அவற்றின்மேல் எழுத்துப் போட்டு வைப்பார்கள். கப்பலின் இடது பக்கத்துக்கு எல். வலது பக்கத்துக்கு எஸ். முன்புறம் என்றால் கூடவே எஃப். பின்புறம் என்றால் ஏ. இப்படி நான்கு எழுத்துகளை எழுதப் பழகினான்.

பிறகு தெருப் பிள்ளைகளிடம் போய், உங்களைப்போல எனக்கும் எழுதத் தெரியும் என்று சவால் விடுவான். தெரிந்த எழுத்தை எழுதிக் காட்டுவான். அவர்கள் ரோஷத்தோடு வேறு எழுத்துகளை எழுதிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து அவன் கற்றுக்கொள்வான்! சுவரும் வேலிப் பலகையும் நடைபாதையும்தான் அவனுக்கு நோட்டுப் புத்தகம். சுண்ணாம்புக் கட்டி பேனா.

வீட்டுப் பையன் எழுதி முடித்த பழைய நோட்டுகள் வீட்டில் கிடந்தன. திங்கட்கிழமை பிற்பகலில் எஜமானி கோவில் கூட்டத்துக்குப் போவாள். அந்த நேரத்தில், பையன் விட்டுவைத்த இடைவெளியில் அதே சொற்களை அவன் எழுதிப் பழகுவான். இப்படிப் பல ஆண்டுகள் முயன்று எழுதக் கற்றான்.

நாற்பது மாணவர்கள்

பதினைந்து வயதில் அவனை மறுபடியும் கிராமத்துக்கு அனுப்பினார்கள். 1834-ல் கோவி என்ற கொடிய பண்ணைக்காரனிடம் ஒரு வருஷ வாடகைக்கு விட்டார்கள். அடங்காத அடிமைகளை அடித்து அடக்குவதில் பேர்போனவன் அவன். ஓயாத வேலை, ஓயாத சவுக்கடி. படிக்கும் ஆசைகூட அவனை விட்டுப் போயிற்று. கடைசியில் ஒருநாள் அவன் எதிர்த்து நின்று போராடினான். அதன்பிறகு கோவி அவன்மேல் கை வைக்கவில்லை.

அடுத்த வருஷம் வேறு பண்ணையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ரகசியப் பள்ளிக்கூடம் நடத்தினான். மற்ற அடிமைகளுக்கு எழுத்து கற்றுக் கொடுத்தான். நாற்பது பேருக்குமேல் வந்தார்கள். பிடிபட்டால் சவுக்கடி என்று தெரிந்தும் வந்தார்கள்.

1836-ல் நண்பர்களோடு தப்பிப்போகத் திட்டம் போட்டான். எஜமானர் அனுமதிச் சீட்டு இல்லாமல் அடிமை வெளியூர் போகமுடியாது. அந்தச் சீட்டுகளை அவனே எழுதினான். ஆனால் ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. பிடித்துக்கொண்டு போகும்போது அவன் தன் சீட்டை நெருப்பில் போட்டான். நண்பனிடம், சீட்டை ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடச் சொன்னான். அன்று ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கினான். இன்று எழுத்தை ரொட்டியோடு விழுங்கி உயிர் பிழைத்தார்கள்!

சில நாள் சிறையில் கிடந்தபின் மீண்டும் பால்டிமோர் வந்தான். கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கும் தொழில் கற்றான். 1838 செப்டம்பர் 3-ந் தேதி, மாலுமி வேஷத்தில், ஒரு நண்பரின் மாலுமிச் சீட்டோடு ரயில் ஏறினான். அவனுக்குத் துணை நின்றவள் அன்னா மர்ரே என்ற பெண். நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் அவளையே மணந்துகொண்டான். பெய்லி என்ற குடும்பப் பெயரை டக்ளஸ் என்று மாற்றிக்கொண்டான்.

நம்ப மறுத்தார்கள்

1841-ல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் டக்ளஸ் பேசினார். அன்று முதல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அவர் பேச்சைக் கேட்டவர்கள் பிரமித்தார்கள். சிலர் நம்பவே மறுத்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஓர் அடிமை இப்படிப் பேசமுடியுமா என்று சந்தேகப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக, 1845-ல் தம் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். எஜமானர்களின் பெயரையும் ஊரையும் ஒளிக்காமல் எழுதினார்.

அதனால் அவருக்கே ஆபத்து வந்தது. சட்டப்படி அவர் இன்னும் அடிமைதான். பிடித்துக்கொண்டு போய்விடலாம். எனவே அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போனார். அங்கே இருந்த நண்பர்கள் 150 பவுன் திரட்டி அவர் விடுதலையை வாங்கினார்கள். 1846 டிசம்பரில் விடுதலைப் பத்திரம் தயாரானது. அதை எழுதிக் கொடுத்தவர் யார்? அன்று பாடத்தை நிறுத்திய அதே ஹியூ ஆல்ட்!

1847-ல் ராச்செஸ்டர் நகரில் வட நட்சத்திரம் என்று பொருள்படும் பெயரில் பத்திரிகை தொடங்கினார். இரவில் தப்பி ஓடும் அடிமைகளுக்கு வழிகாட்டியது அந்த நட்சத்திரம்தான்.

சொல் பலித்தது

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பர்களைப் படையில் சேர்க்கவேண்டும் என்று டக்ளஸ் வாதாடினார். தம் பிள்ளைகளையும் படைக்கு அனுப்பினார்.

1862 ஏப்ரலில் கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறை ஒழிந்தது. சிறுவயதில் பத்திரிகையில் படித்த அந்த மனு, 30 வருஷம் கழித்துப் பலித்தது. 1865 டிசம்பரில் நாடு முழுவதும் ஒழிந்தது. அகராதி சொல்லாமல் விட்ட அர்த்தத்தை அரசியல் சட்டமே எழுதிவிட்டது.

1877-ல் அதே கொலம்பியா மாவட்டத்துக்கு டக்ளஸ் மார்ஷல் பதவி ஏற்றார். பிறகு ஹைட்டி நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகவும் போனார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றும் பாடுபட்டார். 1895 பிப்ரவரி 20-ந் தேதி, பெண்கள் மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு வீடு திரும்பிய அன்று மாலை காலமானார். வாஷிங்டனில் அவர் வாழ்ந்த வீடு நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கே அவருடைய நூல் நிலையமும் இருக்கிறது.

தாய் இறந்தபிறகுதான் அவர் ஒரு செய்தியைக் கேள்விப்பட்டார். இருட்டில் 12 மைல் நடந்து வந்த அவருடைய தாய்க்குப் படிக்கத் தெரியும்! அந்தப் பகுதியில் இருந்த அடிமைகளில் எழுத்து அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் எப்படிக் கற்றாள் என்பது யாருக்கும் தெரியாது. தமக்கு எழுத்தின்மேல் இருந்த ஆசை தாயிடமிருந்து வந்தது என்று டக்ளஸ் பெருமையோடு எழுதி வைத்தார்.