தமிழ் நாடகத் தலைமையாசிரியர்

நுழையும்முன்
மேடையில் ஓர் இரவு ஒளிரும் நடிப்புக்குப் பின்னால் பல மாத உழைப்பு மறைந்திருக்கிறது. அவ்வுழைப்பைக் கல்வியாக்கிச் சிறுவர்களைச் சிறந்த நடிகர்களாக வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

கணக்கர் கலைஞரானார்
தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தம் தந்தையாரிடமும் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் கற்று, விரைந்து பாடல் புனையும் ஆற்றல் பெற்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்த அவர், 24ஆம் வயதில் அப்பணியைத் துறந்து நாடகத்துறையில் நுழைந்தார்.

இரணியன், இராவணன், எமன் முதலிய வேடங்களில் அவர் பெரும்புகழ் ஈட்டினார். ஒருமுறை அவருடைய வேடத்தைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்தியின் கரு கலைந்தது என்றும், அதனால் மனம் வருந்தி நடிப்பைக் கைவிட்டார் என்றும் கூறுவர். அதன்பின் நாடகம் எழுதுவதும் நடிகரைப் பயிற்றுவதுமே அவர் வாழ்வாயின.

சிறுவர்களின் கலைக்கூடம்
அக்காலத்தில் நடிகர்க்குச் சமூகத்தில் மதிப்பில்லை. மேடையேறியோர் பலர் எழுதியதை விடுத்து மனம்போன போக்கில் பேசினர். இதனால் கதை சிதைந்தது; கலையும் தாழ்ந்தது. ஒழுங்கை இளமையிலேயே ஊட்டவேண்டும் எனச் சுவாமிகள் உணர்ந்தார். 1910ஆம் ஆண்டு அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நாடக சபையில் எஸ்.ஜி.கிட்டப்பா பயின்றார். 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குதான் மேடைக்கல்வி பெற்றனர்.

பாலர் சபை குருகுலம் போன்றது. சிறுவர்கள் வீட்டைப் பிரிந்து, குழுவினருடனேயே உண்டு உறங்கிப் பயின்றனர். நீண்ட உரையாடல்களையும் ஏராளமான பாடல்களையும் பிழையின்றி மனனம் செய்தல் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலமாதலின், கடைசி வரிசையில் இருப்போர்க்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். லகர ழகரம் பிறழலாகாது, தாளம் தவறலாகாது. இன்றைய கண்கொண்டு நோக்கின், பிஞ்சு வயதினர்க்கு அஃது அரிய சுமையே.

எனினும், மாணவரிடம் எதிர்பார்த்த உழைப்பை அவர் தம்மிடமும் எதிர்பார்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

நிலைத்த குரல்
1921ஆம் ஆண்டு பக்கவாத நோய் சுவாமிகளைத் தாக்கியது. மேடைகளை அதிரவைத்த நா பேச்சிழந்தது. ஆயினும், அவர் எழுதிய சொற்களை அவர் பயிற்றிய சிறுவர்கள் இரவுதோறும் மேடையில் பேசிவந்தனர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார்.

அவர்தம் மாணவர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ஆம் ஆண்டு தமக்கென ஒரு நாடக சபையைத் தொடங்கி, ஆசான் கற்பித்த ஒழுங்கைப் பல்லாண்டுகள் காத்தனர். அவர்களுள் ஒருவரான அவ்வை சண்முகம், தம் ஆசானைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றினார். சிறுவயதில் அக்கண்டிப்பின் சுமையைத் தாங்கிய மாணவரே அளித்த பட்டமாதலின், அதற்கு மதிப்பு மிகுதி.