செம்மண் மேட்டில் ஒரு சோலை

வங்காளத்தில் போல்பூர் என்னும் ஊரை அடுத்து, சரளைக்கல் நிறைந்த செம்மண் மேடு ஒன்று பரந்து கிடந்தது. மரங்கள் அழிந்தமையால் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் சென்று, நிலமெங்கும் பள்ளங்களை ஆக்கியிருந்தது. அங்கே நின்ற இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலை விரும்பித் தேவேந்திரநாத தாகூர் 1863இல் நிலம் பெற்றார். தியானத்திற்கென மனை ஒன்றும் அமைத்தார். அதுவே சாந்திநிகேதனம். அவர்தம் மைந்தர் இரவீந்திரநாதர் 1901இல் அங்குப் பள்ளி தொடங்கி, மரநிழலையே வகுப்பறை ஆக்கினார்.

கவிஞருக்கு உழவில் என்ன வேலை என வினவத் தோன்றும். குடும்ப நிலங்களை மேற்பார்த்த காலத்தில் உழவர் படும் துயரை அவர் நேரிற் கண்டவர். ஆதலின் 1906இல் தம் மகன் ரதீந்திரநாதரை வேளாண்மை பயில அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1922இல், வேளாண்மை கற்ற எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயரின் துணையோடு, அருகிலுள்ள சுருல் சிற்றூரில் ஊரகப் பணி நிலையம் ஒன்றை நிறுவினார். ஸ்ரீநிகேதனம் என வழங்குவது அதுவே. மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருதல் வேண்டும் என்பது அங்கே பாடமாயிற்று. மாணவர் தம் கழிவைத் தாமே குழியிலிட்டு மூடித் தோட்டத்திற்கு எருவாக்கினர். சாதி வழக்கில் வளர்ந்த இளைஞர்க்கு அஃது எளிய செயலன்று!

1928ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தாகூர் மரநடு விழாவைத் தொடங்கினார். மகிழங்கன்று ஒன்றைப் பாடலோடு நட்டனர். 1941 ஆகஸ்டு 7, வங்க நாட்காட்டியில் சிராவணத் திங்கள் 22ஆம் நாள், கவிஞர் மறைந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் சாந்திநிகேதனத்தார் மரக்கன்று நடுகின்றனர்.