மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மானும் மெர்டேக்கா காற்பந்து விழாவும்

சுதந்திரத் தந்தை மர்ஹூம் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அல்ஹாஜ் அவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது பெரும்பாலும் ஒரே காட்சியோடு முடிந்துவிடுகிறது. 1957 ஆகஸ்ட் 31 காலையில் மெர்டேக்கா விளையாட்டரங்கில் வலக்கையை உயர்த்தி 7 முறை முழங்கிய காட்சி அது. அந்த முழக்கம் ஓய்ந்த பிறகு அதே திடலில் அவர் ஆண்டுதோறும் நடத்திக் காட்டிய இன்னொரு காரியம் உண்டு. ஆசியாவின் காற்பந்து அணிகளையெல்லாம் கோலாலம்பூருக்கு அழைத்து விளையாட வைத்த மெர்டேக்கா போட்டிதான் அது. துங்குவின் குணத்தை அறிய விரும்புவோர் அந்தப் போட்டியின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1903 பிப்ரவரி 8 அன்று அலோர் ஸ்டாரில், கெடா சுல்தான் அப்துல் ஹமீத் ஹலீம் ஷாவின் மகனாகப் பிறந்தார். தாயார் சே மெஞ்சலாரா சயாம் நாட்டுப் பூர்வீகம் உடையவர். அரண்மனைப் பிள்ளையாக இருந்தும் கம்பத்துப் பிள்ளைகளோடு திரிந்து விளையாடி வளர்ந்தவர் என்றே அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். பேங்காக்கில் தெப்சிரின் பள்ளியிலும், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் படித்தார். பிறகு கெடா அரசின் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் செயின்ட் கேத்தரின் கல்லூரியில் சேர்ந்து 1925இல் பட்டம் பெற்றார்.

அங்கே நடந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார்கள். கல்லூரி விடுதியில் தங்க இடம் கேட்டபோது, அது ஆங்கிலேயருக்கு உரிய இடம் என்று மறுத்துவிட்டார்களாம். கேட்டவர் ஒரு சுல்தானின் மகன் என்று பிறகு தெரியவந்ததும் அறை தர முன்வந்தார்களாம். துங்கு அதை ஏற்கவில்லை. வாசலில் நிறுத்தப்பட்ட அந்த அனுபவம் வீணாகப் போகவில்லை என்றே நினைக்கிறேன். பிற்காலத்தில் இத்தனை நாட்டு மக்களுக்கு வாசலைத் திறந்துவைத்தவர் அவர்.

படிப்பில் அவர் சூரர் அல்லர். வேகமான மோட்டார் காரும் குதிரைப் பந்தயமும் அவரை நிறையவே இழுத்தன. அதை அவர் மறைத்ததும் இல்லை. மார்க்கப் பற்றுள்ள பலருக்கு இது குறித்து அவர்மீது வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் நியாயமானதே. கெடாவில் மாவட்ட அதிகாரியாகப் பல ஊர்களில் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மறுபடியும் லண்டன் போய், 1949இல் ஒருவழியாக வழக்கறிஞரானார். வயது அப்போது 46.

1951இல் இரண்டு நாற்காலிகள் அவரைத் தேடி வந்தன. டத்தோ ஓன் ஜாஃபார் விலகியதால் அம்னோவின் தலைமை வந்தது. அதே ஆண்டில் மலாயா காற்பந்து சங்கத்தின் தலைமையும் வந்தது. முதல் பதவியைப் பற்றி நூற்றுக்கணக்கான புத்தகங்கள் உண்டு. இரண்டாவதை அவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வகித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அன்றைய மலாயாவில் காற்பந்து என்றால் மலாயா கிண்ணம்தான். எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த கிண்ணம். 1921 முதல் மாநிலங்கள் அதற்காக மோதிக்கொண்டன. சிலாங்கூரும் சிங்கப்பூரும் மோதினால் கடைத்தெருவில் வேறு பேச்சே இருக்காது. ஆனால் ஒரு நாட்டு அணியாக வெளிநாட்டாரோடு மோதும் வாய்ப்பு மிகவும் குறைவு. மற்ற ஆசிய நாடுகளின் நிலையும் அதுதான். 1954இல் மணிலாவில் ஆசியக் காற்பந்து சம்மேளனம் பிறந்தது. 1956இல் ஹாங்காங்கில் முதல் ஆசியக் கிண்ணம் நடந்தபோது இறுதிச் சுற்றில் இருந்தவை 4 அணிகளே. அதுவும் 4 ஆண்டுக்கு ஒருமுறை. ஆசிய விளையாட்டுப் போட்டியும் அப்படியே. இடைப்பட்ட ஆண்டுகளில் நல்ல ஆட்டக்காரர்களின் இளமை கழிந்துபோகும்.

1955 தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. 1956 பிப்ரவரியில் லண்டன் பேச்சு வெற்றியோடு துங்கு திரும்பினார். சுதந்திரப் பிரகடனத்துக்கு ஓர் அரங்கம் வேண்டும் என்று அவர் முடிவெடுத்தபோது கையில் இருந்த காலம் ஓராண்டு சொச்சம். பெட்டாலிங் குன்றில், கொரோனேஷன் பார்க் இருந்த இடத்தில் வேலை தொடங்கியது. பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்த ஸ்டான்லி ஜூக்ஸ் வரைபடம் போட்டார். ஏறத்தாழ 20,000 பேர் அமரக்கூடிய அரங்கம், 1957 ஆகஸ்ட் 30 அன்று, அதாவது பிரகடனத்துக்கு முதல் நாள், திறக்கப்பட்டது.

அந்த அரங்கின் 4 விளக்குக் கோபுரங்களை அக்காலத்தவர் மறக்கவே மாட்டார்கள். நம் பருவநிலையில் பிற்பகல் ஆட்டம் என்றால் ஒன்று வெயில், இல்லையேல் மழை. இரவு விளக்கு வந்ததும் நிலைமை மாறியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் வேலை முடிந்து குளித்துவிட்டு நடந்தே போய்விடலாம். கிள்ளான்காரர்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, கோலாலம்பூர் ஸ்டேஷன் பக்கம் இறங்கி, குன்றை நோக்கி நடப்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், பஞ்சாபியர் எல்லாரும் ஒரே படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே அணிக்காகக் கத்தினார்கள். சுதந்திரம் வாங்கிய புதிதில் அந்தக் கூட்டமே ஒரு பாடமாக இருந்திருக்கும்.

சுதந்திர விழாவை ஒட்டியே முதல் மெர்டேக்கா போட்டியும் 1957இல் நடந்தது. கிண்ணத்தை ஹாங்காங் கொண்டுபோனது, இந்தோனேசியா இரண்டாவது. விழாவுக்கு ஒரு அலங்காரமாக ஒரே தடவை நடத்திவிட்டு விட்டிருக்கலாம். துங்கு விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சுதந்திர நாளை ஒட்டி ஆசிய அணிகள் இங்கே வரவேண்டும் என்பது அவர் விருப்பம்.

இதைச் சொல்வது எளிது. கல்யாண வீட்டில் பந்தி நடத்தியவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். இங்கே வருகிறவர்கள் ஒரே நாட்டவர் அல்லர். ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் மாதக்கணக்கில் முன்பே கடிதம் போகவேண்டும். வருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் வராமல் போகலாம், அட்டவணையை மறுபடியும் போடவேண்டும். பர்மியர், கொரியர், பாகிஸ்தானியர், வியட்நாமியர் என்று ஒவ்வொருவருக்கும் சாப்பாடு வேறு. முஸ்லிம் அணிகளுக்கு ஹலால் உணவு, ஜும்ஆ நேரம் பார்க்கவேண்டும். பயிற்சித் திடல், நடுவர்கள், மொழிபெயர்ப்பாளர், கொடி, தேசிய கீதம், இதில் ஒன்று பிசகினாலும் அது இரு நாடுகளுக்கு இடையிலான மனக்கசப்பாகிவிடும். ஒரே திடலில் இரவுக்கிரவு ஆட்டம், நடுவில் ஒரு பெருமழை பெய்தால் புல்லின் கதி என்ன? இத்தனையையும் புதிதாகப் பிறந்த ஒரு சிறு நாடு தாங்கிக்கொண்டது. பிரதமரே சங்கத் தலைவராகவும் இருந்தது அழைப்புக்கு ஒரு மதிப்பைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. நாட்டு வேலை தலைக்குமேல் கிடக்க இவருக்குப் பந்தாட்டம் எதற்கு என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பெரிய படையோ பெரும் பணமோ இல்லாத நாடு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேறு எந்த வழி இத்தனை மலிவாகக் கிடைத்திருக்கும்?

பலன் விரைவில் தெரிந்தது. 1958இலும் 1959இலும் மலாயாவே கிண்ணத்தை வென்றது. 1959இல் இரண்டாவதாக வந்தது இந்தியா. 1960இல் தென்கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. சிலாங்கூரின் அப்துல் கனி மின்ஹாட்டை மக்கள் பந்தாட்ட ராஜா என்று கொண்டாடிய காலம் அது. விருந்தாளிகளும் வெறுங்கையோடு போகவில்லை. 1961, 1962 இரண்டு ஆண்டும் இந்தோனேசியா வென்றது. 1962இல் பாகிஸ்தான் இரண்டாம் இடம். 1964 இறுதி ஆட்டத்தில் பர்மா இந்தியாவை வென்றது. 1966இல் தென் வியட்நாம், போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்து கிண்ணத்தோடு திரும்பியது. இதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தொடங்கினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது: தாய்லாந்தின் மன்னர் கிண்ணம் 1968இல் வந்தது, கொரியாவின் பார்க் கிண்ணம் 1971இல்.

1958இல் துங்கு ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் தலைவரானார்; 1977 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1959இல் முதல் ஆசிய இளைஞர் காற்பந்துப் போட்டியும் கோலாலம்பூரில்தான் நடந்தது. சம்மேளனத்தின் தலைமையகம் இன்றும் புக்கிட் ஜாலிலில் இருக்கிறதென்றால் அதன் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது.

நம் சமுதாயத்தார் நினைவில் வைக்கவேண்டிய இன்னொன்றும் அதே அரங்கில் நடந்தது. 1961இல் சர்வதேசத் திருக்குர்ஆன் ஓதும் போட்டியை அவர் மெர்டேக்கா அரங்கில் தொடங்கிவைத்தார். பந்தாட்டத்துக்குப் போட்ட விளக்குகளின் கீழ் பல நாட்டுக் காரிகளின் கிராஅத் ஒலித்தது. முதல் போட்டியை நடத்திப் பழகிய கைதான் இரண்டாவதையும் நடத்தியது. 1960இல் பெர்கிம் அமைப்பை உருவாக்கியவரும் அவரே. 1965 ஆகஸ்டில் தேசியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது, அதற்குத் தம் பெயரைச் சூட்டலாம் என்ற யோசனையை மறுத்துவிட்டார்.

விருந்து எல்லா ஆண்டும் இனிமையாக இருக்கவில்லை. 1963இல் மலேசியா உருவாவதை எதிர்த்து இந்தோனேசியா கொன்ஃப்ரொந்தாசி என்ற மோதலில் இறங்கியது. இரண்டு தடவை கிண்ணத்தை வென்ற அணி வருவது நின்றது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தது. அந்த ஆண்டும் போட்டி நடந்தது. 1969இல் மே 13 கலவரம். கோலாலம்பூர் தெருக்களில் ஊரடங்கு. அந்த ஆண்டும் போட்டி நடந்தது! மோதல் மறந்து திரும்பி வந்திருந்த இந்தோனேசியா, இறுதியில் மலேசியாவை வென்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் பகைவராக நின்றவர் கையில் கிண்ணம் போனதை நம் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்பதே பெரிய விஷயம்.

கலவரத்துக்குப் பின் துங்குவின்மீது விழுந்த முக்கியக் குற்றச்சாட்டு, மலாய்க்காரர் அல்லாதாருக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தார் என்பது. சுதந்திரத்துக்குப் பின் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை குடிமகன் என்ற ஏற்பாட்டில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாகூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலர் அந்த நாட்களில்தான் விருந்தாளி நிலையிலிருந்து வீட்டார் ஆனார்கள். ஆனால் எல்லாருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. அவர் ஆட்சியிலேயே, 1968இல், குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும் என்ற சட்டம் வந்தது. தாள் வாங்கிவைக்காத தமிழர் பலர், பல்லாண்டு உழைத்த இடத்தை விட்டு ஊருக்குக் கப்பலேற நேர்ந்தது. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கிள்ளானிலும் உள்ள பழைய குடும்பங்களைக் கேட்டால் அப்படிப் போன ஒருவரின் பெயரைச் சொல்வார்கள். துங்குவின்மீதுள்ள நன்றியோடு இதையும் சேர்த்தே நாம் நினைக்கவேண்டியிருக்கிறது.

1970 செப்டம்பரில் பிரதமர் பதவியை விட்டு விலகினார். ஓய்வு என்று பேர்தான். ஜித்தாவில் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதல் பொதுச்செயலாளராக 1973 வரை பணியாற்றினார். பிறகு பினாங்கில் இருந்துகொண்டு தி ஸ்டார் நாளேட்டில் வாராவாரம் எழுதினார். ஆட்சியில் இருந்தவர்களுக்குப் பிடிக்காததையும் எழுதினார். 1987இல் அந்த நாளேட்டின் உரிமம் சிலகாலம் நிறுத்தப்பட்டது.

1973, 1974, 1976 ஆண்டுகளில் மலேசியா மெர்டேக்கா கிண்ணத்தை மறுபடியும் வென்றது. 1980இல் அதே அரங்கில் கோல்காவலர் ஆர். ஆறுமுகம், சோ சின் ஆன், சந்தோக் சிங் முதலானோர் அடங்கிய அணி தென்கொரியாவைத் தோற்கடித்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் நாடு மாஸ்கோவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டியின் பொலிவு குறைந்தது. முன்பு இங்கே ஆவலோடு வந்த ஜப்பானும் கொரியாவும் தொழில்முறைக் காற்பந்தில் வெகுதூரம் போய்விட்டன. நம்மவர்களோ மாமாக் கடையில் தே தாரிக் ஆற ஆற, இங்கிலாந்து அணிகளின் ஆட்டத்தை விடிய விடியத் திரையில் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

1990 டிசம்பர் 6 அன்று துங்கு தம் 87ஆவது வயதில் கோலாலம்பூரில் வஃபாத்தானார். ஜனாஸா அலோர் ஸ்டாருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, லங்கார் அரச மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை ஒளிமயமாக்குவானாக!

மெர்டேக்கா போட்டி 2013க்குப் பின் 10 ஆண்டு நடக்கவில்லை. 2023 அக்டோபரில் புக்கிட் ஜாலிலில் மீண்டும் நடந்தது. இந்தியாவும் தஜிகிஸ்தானும் வந்தன. அரையிறுதியில் மலேசியா இந்தியாவை 4-2 என்று வென்றது. இறுதியில் தஜிகிஸ்தானிடம் தோற்றது. அழைக்கப்பட்டிருந்த இன்னொரு அணி பாலஸ்தீனம். காஸாவில் போர் மூண்டதால் அவர்களால் புறப்பட்டு வர முடியவில்லை. அவர்கள் ஆடவேண்டிய ஆட்டம் அட்டவணையில் இருந்தது, திடலில் நடக்கவில்லை.