போர்க் கைதி முகாமில் பிறந்த பறவைத் தீவு: யார் இந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன்?

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், பிரிட்டனில் இருக்கும் பறவை ஆர்வலர்கள் பலருக்கு வீட்டில் இருப்பு கொள்ளாது. பைனாகுலரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு குட்டித் தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அதன் பெயர் ஃபேர் ஐல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, அட்லாண்டிக் பெருங்கடலும் வட கடலும் சந்திக்கும் இடத்தில் தனியாகக் கிடக்கிறது. நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் அதில் ஏறக்குறைய பாதி. அங்கே வசிப்பவர்கள் சுமார் 50 பேர்தான்.

இந்த இலையுதிர்கால விடுமுறைக்குப் பின்னால் ஒரு போர்க் கைதியின் கதை இருக்கிறது. அவர் பெயர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன்.

அப்படி என்னதான் இருக்கு இந்தத் தீவுல?

இலையுதிர்காலத்தில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் இருந்து லட்சக்கணக்கான பறவைகள் தெற்கு நோக்கிக் கிளம்பும். சின்னப் பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கும். அந்த நேரம் பார்த்து கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று வீசி, கூடவே மேகமும் தூறலும் சேர்ந்துகொண்டால் அவ்வளவுதான். பறவைகள் வழி தவறி மேற்கே கடலுக்கு மேல் தள்ளப்படும்.

விடியும்போது கீழே எங்கும் தண்ணீர். களைத்துப்போன பறவைக்குக் கண்ணில் படும் ஒரு துண்டு நிலம்தான் உயிர். அதை விட்டால் அடுத்து அட்லாண்டிக். அதனால் ஃபேர் ஐலில் வந்து விழாத குறையாக இறங்கும். தீவில் மரங்கள் மிகக் குறைவு என்பதால் கல் சுவர், வாய்க்கால், பயிர்ப்பாத்தி என்று கிடைத்த இடத்தில் ஒதுங்கும். பார்க்க வந்தவர்களுக்கு அதுவே வசதி.

சைபீரியாவில் பிறந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய, சில கிராம் எடையே உள்ள கதிர்க்குருவிகள்கூட இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. இதுவரை 380-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இந்தத் தீவில் பதிவாகியுள்ளன.

எடின்பரோ பையன்

வாட்டர்ஸ்டன் 1911-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். குடும்பத்துக்குக் காகிதம், எழுதுபொருள் வியாபாரம். அவரும் அதே வேலைக்குத்தான் போனார், ஆனால் மனசு முழுக்கப் பறவைகள். 1936-ல் ஸ்காட்லாந்து பறவையியலாளர் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1935-ல் முதல்முறை ஃபேர் ஐலுக்குப் போனார். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே வில்லியம் ஈகிள் கிளார்க் என்ற ஆய்வாளர் அங்கே வந்து, வலசைப் பறவைகளைப் பார்க்க இதுபோன்ற இடம் அரிது என்று உலகுக்குக் காட்டியிருந்தார். வாட்டர்ஸ்டனுக்கு ஒரு யோசனை வந்தது. வருஷா வருஷம் யாரோ சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதுமா? இங்கேயே தங்கி, முறையாகக் கணக்கெடுக்க ஒரு நிலையம் வேண்டாமா? அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது.

முள்வேலிக்குள் போட்ட திட்டம்

1941-ல் கிரேக்கத்தின் கிரீட் தீவு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த வாட்டர்ஸ்டன் சிறைபிடிக்கப்பட்டு, ஜெர்மனியின் வார்பர்க் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்.

அந்த முகாமில் அவரைப் போலவே பறவைப் பைத்தியங்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஜான் பக்ஸ்டன், பீட்டர் கோண்டர், ரிச்சர்ட் பர்ச்சன். வேலிக்கு அந்தப் பக்கம் போக முடியாது, ஆனால் பறவைக்கு வேலி ஏது? கிடைத்த காகிதத்தில் மணிக்கணக்காகக் குறிப்பு எடுத்தார்கள். பக்ஸ்டன் பின்னாளில் ரெட்ஸ்டார்ட் பறவை பற்றி ஒரு நூலே எழுதினார்.

வாட்டர்ஸ்டன் அங்கே இன்னொரு வேலையும் செய்தார். சக கைதியான இயன் பிட்மனுடன் சேர்ந்து, ஃபேர் ஐல் பறவை ஆய்வகம் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் தீட்டினார். உயிரோடு ஊர் திரும்புவோமா என்பதே தெரியாத நேரம் அது.

1943-ல் சிறுநீரகக் கோளாறு காரணமாக, கைதிகள் பரிமாற்றத்தில் அவர் விடுவிக்கப்பட்டார். கப்பலில் வரும்போது பிரிட்டன் மண்ணாக அவர் கண்ணில் முதலில் பட்டது எது தெரியுமா? ஃபேர் ஐல்!

தீவையே வாங்கினார்

1947-ல் தீவை விலைக்கே வாங்கிவிட்டார் வாட்டர்ஸ்டன். அடுத்த ஆண்டே, போர்க்காலத்தில் கடற்படை விட்டுப்போன குடிசைகளில் ஆய்வகம் திறக்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் கென்னத் வில்லியம்சன்.

ஏற்பாடு எளிமையானது. வருபவர்கள் பணம் கட்டித் தங்குவார்கள், பறவைக் கணக்கெடுப்பிலும் கைகொடுப்பார்கள். புனல் போன்ற பெரிய வலைக்கூண்டுக்குள் பறவைகளை மெதுவாக ஓட்டி, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, எடை பார்த்து விட்டுவிடுவார்கள். அதே பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால் அது போன பாதை தெரிந்துவிடும். காற்று பறவைகளை எப்படித் திசைமாற்றுகிறது என்பதை வில்லியம்சன் ஆராய்ந்ததும் இங்கேதான்.

பறவைகள் சரி, மனிதர்கள்?

வாட்டர்ஸ்டனுக்கு முன்னால் இருந்த பெரிய கேள்வி இதுதான். 19-ம் நூற்றாண்டில் 300 பேருக்கு மேல் வாழ்ந்த தீவு, 1950-களில் காலியாகிக்கொண்டிருந்தது. இன்னொரு அட்லாண்டிக் தீவான செயின்ட் கில்டாவில் இருந்து 1930-ல் கடைசி 36 பேரும் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஃபேர் ஐலுக்கும் அதே கதிதானோ என்ற பேச்சு எழுந்தது.

பறவைகளுக்கு மட்டும் என்று விட்டிருந்தால், ஆளில்லாத தீவே அவருக்குப் போதுமாக இருந்திருக்கும். ஆனால் வீடு, படகுத்துறை, வேலை என்று மக்களுக்குத் தேவையானதை ஒரு தனி மனிதரால் செய்துதர முடியாது. 1954-ல் தீவை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். ஆசைப்பட்டு வாங்கிய தீவை ஏழே ஆண்டுகளில் கைவிட்டார். ஊர் பிழைத்தது.

பூட்டி வைக்கவில்லை, திறந்துவிட்டார்

பிறகு பறவைகள் பாதுகாப்புக்கான ராயல் சொசைட்டியின் ஸ்காட்லாந்து பணிகளை வாட்டர்ஸ்டன் கவனித்தார். பிரிட்டனில் கூடு கட்டுவதையே நிறுத்தியிருந்த விரால் அடிப்பான் பறவை, லாக் கார்ட்டன் ஏரிப் பகுதிக்குத் திரும்பி வந்திருந்தது. 1958-ல் அதன் முட்டைகளுக்குத் திருடர்களால் ஆபத்து வந்தது. கூட்டை ரகசியமாக வைப்பதை விட்டுவிட்டு, 1959-ல் பொதுமக்களையே வந்து பார்க்கச் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இத்தனை கண்கள் காவல் இருந்தால் திருடன் எங்கே வருவான்?

1980-ல் வாட்டர்ஸ்டன் காலமானார். 2019 மார்ச் 10-ல் ஃபேர் ஐல் ஆய்வகக் கட்டடம் தீயில் எரிந்து போனது. நல்ல வேளை, உயிரிழப்பு இல்லை. பல ஆண்டுக் கணக்கேடுகளும் முன்பே கணினியில் ஏற்றப்பட்டிருந்ததால் தப்பின. அதே இடத்தில் மீண்டும் கட்டும் வேலை தொடங்கியது.

கட்டடம் எரிந்தது பறவைகளுக்குத் தெரியாதே! அந்த ஆண்டு இலையுதிர்காலத்திலும் அவை வந்தன. கணக்கெடுக்கத் தீவில் ஆட்களும் இருந்தார்கள்.